எவ்வளவு பெறும்? – ‘வொர்த்’ என்கிற சொல்லைப் பற்றிச் சில குறிப்புகள்

ஏற்காட்டுக்குப் போய் வந்தவரிடம் சேலத்தில் கேட்கப்படும் முதல் கேள்வி ‘வொர்த்தா?’ என்பதுதான். இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, ஏரியில் படகு விட்டு, லேடீஸ் சீட்டில் நின்று கீழே சேலத்து விளக்குகளைப் பார்த்துவிட்டு இறங்கியவர் ‘வொர்த்துதான்’ என்கிறார், அல்லது ‘வொர்த்தே இல்ல’ என்கிறார். அத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எதைக் கொடுத்து எதைப் பெற்றார் என்பது கேள்வியிலும் இல்லை, பதிலிலும் இல்லை. ஒரு இரவல் சொல் இவ்வளவு தன்னிறைவோடு எப்படி நிற்கிறது என்பதே இங்கே நமது பிரச்சினை.

ஆங்கிலத்தில் இது தனியே நிற்காது. பெயரடைதான், ஆனால் விநோதமான பெயரடை. ‘குட் புக்’ என்று சொல்லலாம். ‘வொர்த் புக்’ என்று சொல்ல முடியாது. தனக்குப் பின்னால் ஒன்றைக் கட்டாயமாகக் கேட்கும்: ‘வொர்த் டென் ருப்பீஸ்’, ‘வொர்த் ரீடிங்’, ‘வொர்த் த ட்ரபிள்’. விலையோ செயலோ சிரமமோ, ஏதோ ஒன்று வந்தால்தான் வாக்கியம் முடியும். இதனாலேயே இது பெயரடையா முன்னிடைச்சொல்லா என்று இலக்கணக்காரர்களிடையே தகராறு உண்டு. தனியே நிற்க வேண்டுமென்றால் உருமாற வேண்டும்: வொர்த்தி, வொர்த்லெஸ், வொர்த்வைல். கடைசிச் சொல்லில் உள்ள ‘வைல்’ என்பது காலத்தைக் குறிப்பது. ஆக, செலவிடும் நேரத்துக்கு ஈடானது என்று பொருள். அளவுகோல் சொல்லுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மார்க்ஸ் இந்தச் சொல்லைக் கவனித்திருக்கிறார். ‘மூலதனம்’ முதல் தொகுதியின் (1867) முதல் அத்தியாயத்தில் ஓர் அடிக்குறிப்பு. பதினேழாம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தாளர்கள் பயன்மதிப்பை ‘வொர்த்’ என்றும் பரிவர்த்தனை மதிப்பை ‘வேல்யூ’ என்றும் குறித்தார்கள் என்கிறார். நேரடியான பொருளுக்கு ஜெர்மானியச் சொல், அதன் பிரதிபலிப்புக்கு லத்தீன் வழிச் சொல். அந்த எல்லைக்கோடு பிறகு அழிந்துபோயிற்று. இன்றைக்கு ஒரு மனிதனின் ‘நெட் வொர்த்’ என்றால் கடன் போக மிஞ்சும் அவனுடைய சொத்து. பயனைச் சொன்ன சொல்லையும் சந்தை எடுத்துக்கொண்டுவிட்டது.

தமிழில் இதற்குச் சொல் இல்லாமலா இரவல் வாங்கினோம்? ‘இந்த மாடு இருபதாயிரம் பெறும்’, ‘கால் காசு பெறாது’ என்கிறோம். ‘பெறும்’ என்பது ‘எவ்வளவு’ என்று கேட்கிற சொல். ‘இது உனக்குத் தகுமா?’ என்பதில் ‘யாருக்கு’ என்பது நான்காம் வேற்றுமையில் நிற்கிறது. ‘மதிப்பு’ என்றால் மதிக்கிறவர் ஒருவர் வேண்டும். ஊர் மதிப்பது ஒருவகை, பத்திரப்பதிவு அலுவலகத்தின் வழிகாட்டி மதிப்பு இன்னொரு வகை. எவ்வளவு, யாருக்கு, யார் கணக்கில் என்கிற மூன்று கேள்விகளுக்கும் இந்தச் சொற்களில் இடமிருந்தது. தமிழில் தனித்து நிற்கிற ‘வொர்த்’ மூன்றையும் ஒரே மூச்சில் விழுங்கிவிடுகிறது.

இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. சேர்வராயன் மலையை வைத்தே இதைப் பார்க்கலாம்.

‘வொர்த்’துக்கு எதிரணியில் நிற்பது ‘வேஸ்ட்’. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் ஏற்காட்டில் காப்பிச் செடியைக் கொண்டுவந்து வைத்தார். 1861இல் கானிங் பிரபுவின் அரசு ‘வேஸ்ட்’ நிலங்களை விற்பதற்கான தீர்மானத்தை வெளியிட்டது. காலனிய வருவாய்த்துறையின் பார்வையில் தரிசு என்பது எதுவும் விளையாத நிலம் அல்ல, கிஸ்தி கட்டாத நிலம். மாடு மேயலாம், கிழங்கு கிடைக்கலாம், விறகும் தேனும் கிடைக்கலாம். வரி பெறாது, அவ்வளவுதான். ‘வரிக்கு உதவாத’ என்பதில் ‘வரிக்கு’ என்பது உதிர்ந்துபோய் ‘உதவாத’ என்பது மட்டும் ஆவணத்தில் தங்கிற்று.

காப்பிக் கொட்டையைப் பாருங்கள். வழக்கமாக ஒரு பழத்தில் இரண்டு கொட்டைகள். ஒன்று உருவாகாமல் போனால் மற்றது உருண்டு திரளும். அதுதான் பீபெரி. செடியின் கணக்கில் அது ஒரு குறை. வியாபாரத்தில் தனித் தரமாகப் பிரித்து நல்ல விலைக்கு விற்கப்படுவது. 1942ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விவசாயி தன் காப்பியைக் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் சேர்க்க வேண்டும். தரத்துக்குப் புள்ளி போட்டுத் தவணை தவணையாகப் பணம் வரும். 1990களில் படிப்படியாகத் தளர்த்தப்பட்டு 1996இல் இந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. அதன்பின் ஏற்காட்டு அராபிகாவின் விலை நியூயார்க் சந்தையைப் பார்த்து ஏறி இறங்குகிறது. கொட்டை அதே கொட்டைதான், ஆனால் ‘யார் கணக்கில்’ என்பது மாறிவிட்டது.

மலை உச்சிகளில் பாக்சைட் படிந்திருக்கிறது. 1965இல் மேட்டூரில் தொடங்கிய மெட்ராஸ் அலுமினியம் கம்பெனிக்கு ஏற்காட்டிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் அது போயிற்று. அதே மலையின் உச்சியில்தான் சேர்வராயன் குகைக்கோயில் இருக்கிறது. மே மாதத்தில் மலையாளிப் பழங்குடி மக்கள் திருவிழாவுக்குக் கூடுகிறார்கள். கம்பெனிக்கு உச்சி என்றால் இத்தனை டன், அந்த மக்களுக்குச் சாமி இருக்கிற இடம்.

ஏற்காட்டில் வாழ்ந்த நிலவியலாளர் ராபர்ட் ப்ரூஸ் ஃபூட், 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவர். இந்த மலையில் தேய்த்து மெருகேற்றிய புதிய கற்காலக் கோடரிகள் பிள்ளையார் கோயில்களில் வைத்து வணங்கப்படுவதையும் அவர் பதிவு செய்தார். செய்தவனுக்கு அது மரம் வெட்டும் கருவி. மலைமக்களுக்குச் சாமி பொருள். ஃபூட்டுக்குச் சான்று. அவருடைய சேகரிப்பை 1904இல் வாங்கிய சென்னை அருங்காட்சியகத்துக்குக் காட்சிப்பொருள். ‘இந்தக் கல் வொர்த்தா?’ என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் என்ன பதில் சொல்ல?

‘அப்படியானால் ஆளாளுக்கு ஒரு மதிப்பு, அவ்வளவுதானே’ என்று நண்பர்கள் சொல்லக்கூடும். அவ்வளவுதான் இல்லை. அளவுகோல்கள் பல என்றாலும் அவற்றுக்குச் சம அதிகாரம் கிடையாது. டன்னையும் கிஸ்தியையும் எண்ணாகக் காகிதத்தில் எழுதலாம். திருவிழாவை அப்படி எழுத முடியாது. எந்த அளவுகோல் என்று சொல்லாமல் விட்டால், எண்ணாக எழுதக்கூடிய அளவுகோல் சத்தமில்லாமல் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். மற்ற கணக்குகளில் வாழ்பவர்கள் ‘வொர்த்’ இல்லாதவர்களாக ஆகிப்போவார்கள்.

இலக்கியத்திலும் இதேதான் நடக்கிறது. ‘முக்கியமான கவிஞர்’, ‘குறிப்பிடத்தக்க தொகுப்பு’ என்று நம் பத்திரிகைகளில் எழுதித் தள்ளுகிறோம். எதற்கு முக்கியம், யார் குறிப்பிடத் தக்கது? ‘வொர்த்’தைத் தூய தமிழில் சொல்லிவிட்டோம் என்பதைத் தவிர வேறு வித்தியாசமில்லை. அளவுகோலை மறைத்துக்கொண்டு தீர்ப்பை மட்டும் வழங்குகிற காரியம்தான் இதுவும்.

சொல்லை விரட்ட வேண்டியதில்லை, விரட்டினாலும் போகாது. உதிர்ந்ததைத் திரும்ப ஒட்டவைத்தால் போதும். யாராவது ‘வொர்த்து’ என்றால் ‘எதுக்கு? யாருக்கு?’ என்று கேட்போம். ‘மதிப்புமிக்க காடு’ என்று மனு எழுதினால் அலுவலகம் மரத்தின் விலையைத்தான் கணக்குப் போடும். அதற்குப் பதிலாக, இந்தச் சுனையிலிருந்து இன்ன ஊர் தண்ணீர் எடுக்கிறது, இந்தப் பாறையில் இன்னாருடைய சாமி இருக்கிறது என்று எழுதலாம். மதிப்புரையிலும் அப்படியே: இந்தக் கவிதை எனக்கு இன்னதைத் தந்தது, இன்னதைத் தரவில்லை. வாக்கியம் கொஞ்சம் நீளும். நீளட்டும்.