கல்லில் தோசை, கடனில் ஆள்: இடச்சொற்கள் எப்படி இயங்குகின்றன?

அடுப்பில் பால் இருக்கிறது. கல்லில் தோசை வேகிறது. குக்கரில் சாதம் தயார். மூன்றுக்கும் நமக்கு ஒரே 'இல்'தான். பேச்சில் அதுவும் தேய்ந்து வெறும் 'ல' ஆகிவிடும். இதே சமையலறையை ஆங்கிலத்தில் சொல்லப் போனால்தான் வம்பு. பாலும் தோசையும் 'ஆன்', சாதம் 'இன்', கரண்டியோடு அடுப்பு முன்னால் நிற்கிறவர் 'அட்'. திருச்சி தில்லை நகர் கிராஸ்களில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போகிற பிள்ளைகள் இதைப் பட்டியலாக நெட்டுருப் போடுகிறார்கள். பட்டியல் தங்காது. சமையலறை தங்கும்.

'இன்' ஒரு குண்டான். உள்ளே போட்டதைச் சுற்றிச் சுவர் நிற்கும். தானாக வெளியே வர முடியாது, யாராவது எடுத்துவிட வேண்டும். 'ஆன்' தோசைக்கல். அது சூழாது, தாங்கும். ஒட்டியிருக்கும் வரைதான் சூடு ஏறும். 'அட்' அடுப்படி. அது சூழ்வதுமில்லை, தாங்குவதுமில்லை; ஆள் எங்கே நிற்கிறார், என்ன வேலையாக நிற்கிறார் என்பதை மட்டும் காட்டும்.

இப்போது பாத்திரங்களை எல்லாம் கழுவி உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள். சூழ்வது, தாங்குவது, நிற்பது ஆகிய மூன்றும் மட்டும் மிஞ்சுகின்றன அல்லவா? இடமே இல்லாத இடத்தில் ஆங்கிலம் இந்தச் சொற்களைப் புழங்குவது அதை வைத்துத்தான். கடன்பட்டவர் 'இன் டெட்'. காதலும் ஆபத்தும் அவசரமும் அப்படியே, எல்லாம் குண்டான் சரக்கு, அகப்பட்டால் எளிதில் ஏற முடியாது. வேலையில் இருக்கும் நர்ஸ் 'ஆன் டியூட்டி'. பற்றி எரியும் வைக்கோல் 'ஆன் ஃபயர்'. தொடர்பு அறாதவரை நடந்துகொண்டிருப்பவை இவை. கல்லிலிருந்து தோசையை எடுத்தால் வேகுவது நின்றுபோகிற மாதிரி, டியூட்டி முடிந்தால் 'ஆஃப்'. ஃபேன் சுவிட்சில் இருக்கும் ஆனும் ஆஃபும் இதே ஜோடிதான். போரில் இருக்கும் நாடு 'அட் வார்', வேலை பார்த்துக்கொண்டிருப்பவர் 'அட் வொர்க்': அடுப்படியில் நிற்பவர் சமையலில் இருக்கிறார் என்று நாம் எடுத்துக்கொள்வதைப் போல.

ஆங்கிலேயர் வீட்டு அடுப்படியிலேயே இதற்குச் சாட்சி உண்டு. வெந்நீரில் இருப்பது, சூப்பில் இருப்பது, ஊறுகாயில் இருப்பது என்று அவர்கள் சொன்னால் எல்லாம் சிக்கலில் மாட்டியதைத்தான் குறிக்கும், மூன்றுக்கும் 'இன்'. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்த வேலை மட்டும் 'ஆன் தி பேக் பர்னர்'. நம் பழைய மண் அடுப்பில் கொடியடுப்பு என்று பக்கத்தில் ஒன்று இருக்கும். பெரிய அடுப்பில் எரியும் தீயின் மிச்சம்தான் அதற்கு வரும். அதில் வைத்த ரசம் கொதிக்காது, ஆறியும் போகாது. எத்தனையோ அரசுக் கோப்புகள் இருப்பது அந்த நிலையில்தான்.

எது குண்டான், எது கல் என்பதில் ஆங்கிலம் முறத்தில் போட்டுப் புடைத்துப் பிரிப்பதில்லை. விளிம்பு கொஞ்சம் உயர்ந்தால் வாணலிக்கு 'இன்', தட்டையாக இருந்தால் தவாவுக்கு 'ஆன்'. இது சரி. ஆனால் ஸ்ரீரங்கம் போகும் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸுக்குச் சுவரும் கூரையும் இருந்தும் 'ஆன் தி பஸ்' என்கிறார்களே? பஸ் ஏறி நிற்கிற தளம். உள்ளே நடக்கலாம், கம்பியைப் பிடித்துத் தொங்கலாம். ஆட்டோவுக்குள் உடம்பை மடக்கித் திணிக்கத்தான் முடியும், அதனால் 'இன்'. ரயிலும் கப்பலும் பஸ் கட்சி, கார் ஆட்டோ கட்சி.

முகவரியைப் பாருங்கள். தில்லை நகர் 'இன்', மெயின் ரோடு 'ஆன்', ஏழாவது கிராஸ் முனை 'அட்': பெரியது சூழ்கிறது, நீளமானது தாங்குகிறது, சின்னது புள்ளி. நேரத்துக்கும் இந்தக் கணக்கே போகிறது. ஜூலை 'இன்', திங்கட்கிழமை 'ஆன்', நாலு மணி 'அட்'. தமிழில் ஜூலையில், திங்கட்கிழமை, நாலு மணிக்கு என்கிறோம். நடுவில் இருக்கும் திங்களுக்கு உருபே வேண்டியதில்லை.

இடத்துக்கும் காலத்துக்கும் ஒரே உருபு என்பதை நம் ஆட்கள் என்றைக்கோ பார்த்துவிட்டார்கள். செயல், நிலம், காலம் மூன்றுக்கும் ஏழாம் வேற்றுமை வரும் என்று தொல்காப்பியம் சொல்கிறது. அங்கே வரும் இடச்சொற்களின் வரிசையில் மேல், கீழ், முன், பின் இருக்கின்றன, கண், கால், தலை என்று உடம்பும் இருக்கிறது, அகமும் இருக்கிறது. உள்ளே என்று பொருள்படும் அந்த அகம் மனத்துக்கும் ஆயிற்று, வீட்டுக்கும் ஆயிற்று. ஸ்ரீரங்கத்து அக்ரஹாரத்தில் "மாமா ஆத்துல இருக்காரா?" என்று கேட்டால் அகத்தில் என்று அர்த்தம். காவிரியில் குளிக்கப் போனவரும் 'ஆத்துல'தான் இருக்கிறார். கேட்கிறவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டியதுதான்.

தில்லை நகரில் கிளினிக்குகளுக்குக் குறைவில்லை. அதனால் இந்த ஊர்க்காரருக்கு அவசியமான ஒரு விஷயம். பெரியப்பாவைப் பார்க்கப் போனவர் ஆபீசுக்கு 'ஐ ஆம் இன் ஹாஸ்பிடல்' என்று மெசேஜ் தட்டினால், மேனேஜர் ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாக வந்து நிற்பார். 'தி' இல்லாமல் சொன்னால் படுத்திருப்பது நீங்கள். 'அட் தி ஹாஸ்பிடல்' என்றால் வெறும் கட்டடம், வராந்தாவில் நிற்கலாம். ஜெயில், ஸ்கூல், சர்ச் எல்லாவற்றுக்கும் இதே விதி. 'தி' உதிர்ந்தால் இடம் போய் நிலைமை வருகிறது. அமெரிக்கர்கள் நோயாளிக்கும் 'தி' போடுவார்கள். நாம் படித்தது பிரிட்டிஷ் வழி.

நாம் 'தி'யை அல்ல, கட்டடத்தையே உதிர்க்கிறோம். "அவன் உள்ள போயிட்டான்" என்றால் எந்தக் கட்டடம் என்று யாரும் கேட்பதில்லை. "வீட்டு மேல கடன்" என்றால் மொட்டை மாடியில் பணம் இல்லை. மாதவிலக்கு நாளில் வீட்டுப் பெண் 'தூரம்' என்றால், அவள் அடுத்த அறையில் இருந்தாலும் அன்றைக்குச் சமையலறை அவளுக்கு இல்லை. அளவுகோலுக்கு அகப்படாத தூரம் அது. பல வீடுகளில் வழக்கம் போய்ச் சொல் மட்டும் நிற்கிறது, அதுவும் போனால் நல்லது.

மேல் கீழ் விஷயத்தில் திருச்சிக்குத் தனிச் சலுகை. கீழச் சித்திரை வீதியைப் பள்ளத்தில் தேடினால் கிடைக்காது, அது கிழக்கு. நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே சரிகிறது, காவிரியும் அப்படியே ஓடுகிறது. அதனால் மேல் என்றால் மேற்கு. முக்கொம்பில் 1830களில் ஆர்தர் காட்டன் கட்டியது மேலணை. கொள்ளிடத்தில் வெகுதூரம் கிழக்கே, அணைக்கரையில் இருப்பது கீழணை. மெயின்கார்டு கேட் பக்கம் மேலப்புலிவார்டு ரோட்டில் புலியும் இல்லை, மேடும் இல்லை. பூலிவார்டு என்ற சொல் நம் வாயில் புலியாயிற்று, மேற்கு மேல ஆயிற்று. மேலதிகாரியையும் மேல்முறையீட்டையும் மட்டும் யாரும் மேற்கே போய்த் தேடுவதில்லை.

ஆங்கிலத்தில் ஒரு காரியம் தெற்கே போனால் கெட்டுப்போயிற்று என்று பொருள். வரைபடத்தில் தெற்கு கீழே இருக்கிறதே. நம் பக்கம் அப்படிப் பொருள் சுமப்பது வடக்கு. தில்லை நகரை ஒட்டிய உறையூரில் ஆண்ட கோப்பெருஞ்சோழன் பிள்ளைகளோடு மனம் கசந்து வடக்கிருந்தான். வடக்கு நோக்கி உட்கார்ந்தான் என்று மட்டும் மொழிபெயர்த்தால், அவன் சோறு தண்ணீர் விட்டு உயிர் நீத்ததே விட்டுப்போகும்.

சமையலறைக் கணக்கு எல்லா இடத்திலும் செல்லாது. வார இறுதிக்கு லண்டன்காரர் 'அட்' என்பார், நியூயார்க்காரர் 'ஆன்' என்பார். குண்டானும் கல்லும் அங்கே உதவாது, கேட்டுப் பழக வேண்டியதுதான். ஆனால் 'ஆன் டைம்', 'இன் டைம்' குழப்பத்துக்கு உதவும். மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் அட்டவணையை ஒட்டிக் கிளம்பினால் ரயில் 'ஆன் டைம்'. ஸ்ரீரங்கத்திலிருந்து ஆட்டோ பிடித்து, ஓயாமரி நெரிசலில் மாட்டி, விசில் ஊதுவதற்குள் பெட்டியில் காலை வைத்துவிட்டால் நீங்கள் 'இன் டைம்'.