மயான காண்டமும் படச்சுருளும்

சென்ற வாரம் நாட்டுக்கூத்தைப் பற்றிப் பேசினோம். அதன் அயல்வீட்டுக்காரரான இசைநாடகம் சினிமாவுக்குள் போனபோது என்ன ஆயிற்று என்பது இன்றைய பேச்சு.

என் சிறுபிராயத்தில் புளியங்கூடலில் திருவிழா இரவுகளில் 'அரிச்சந்திர மயான காண்டம்' போடுவார்கள். கொட்டகைக் கூத்து என்போம். பாய் விரித்து இடம்பிடிப்பது என் வேலை. பிள்ளையின் பிணத்தோடு வந்த சந்திரமதியிடம், சுடலை காக்கும் அரிச்சந்திரன் முழத்துண்டும் கால்பணமும் கேட்கும் இடத்தில், நடிகர் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடுவார். ஆர்மோனியக்காரர் அவரை விடமாட்டார், சனமும் விடாது. பாம்பு கடித்துச் செத்த லோகிதாசன் அதற்குள் உண்மையாகவே நித்திரையாகிவிடுவான். பாட்டு எவ்வளவு நேரம் என்பதை அன்றிரவு கூடியிருந்தவர்களே தீர்மானித்தார்கள். 1989இல் மறைந்த காங்கேசன்துறை நடிகமணி வி.வி. வைரமுத்து இந்தக் காண்டத்தை எத்தனையோ தடவை மேடையேற்றியும் சனம் அலுக்காததற்குக் காரணம் இதுதான் என்பேன். நேற்றுப் பாடிய பாட்டு இன்று இல்லை.

சினிமா மேடையை உடனே உதறிவிடவில்லை. 1934இல் கே. சுப்பிரமணியம் படமாக்கிய 'பவளக்கொடி', எம்.கே. தியாகராஜ பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும் மேடையில் நடித்துவந்த நாடகமேதான். ஏறத்தாழ ஐம்பது பாட்டுகள்! மறு ஆண்டு 'நந்தனார்' படத்தில் ஆண் வேடம் ஏற்றார் கே.பி. சுந்தராம்பாள். கொழும்பு மேடைகளில் கிட்டப்பாவோடு பாடியவர் அவர். இவர்கள் எல்லாரும் தம் குரலிலேயே பாடினார்கள். ஆனால், சுருளில் ஏறியதும் பாட்டின் நீளம் உறைந்துபோயிற்று. "இன்னொருமுறை" என்று கேட்க அங்கே ஆளில்லை. இசைத்தட்டோ மூன்று நிமிடம் போதும் என்றது. 1938இல் 'நந்தகுமார்' படத்தோடு தமிழில் இரவற்குரலும் வந்தது. அதன்பின் பாடத் தெரியாதவரும் ராஜபார்ட் ஆகலாம். மேல்நாட்டிலும் இதே கதைதான்: 'மை ஃபெயர் லேடி'யை மேடையில் பாடியவர் ஜூலி ஆண்ட்ரூஸ், 1964இல் வந்த படத்தில் ஆட்ரி ஹெப்பர்னுக்காகப் பெரும்பாலும் பாடியவர் மார்னி நிக்சன்.

எல்லாமே நட்டம் என்றால் அது நியாயமல்ல. எங்கள் பாய் எப்போதும் பின்வரிசையில்தான். சந்திரமதியின் குரல் வரும், முகம் தெரியாது. அவள் கண்ணில் நீர் திரள்வதை நான் முதலில் பார்த்தது திரையில். உரத்துப் பாடாமலே அழலாம் என்பதைக் காட்டியது கமரா.

அந்தப் படத்துக்கு அப்பாச்சியையும் பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணம் கூட்டிப் போயிருந்தேன். மயானப் பாட்டு முடிந்ததும் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"தம்பி, இன்னொருக்காப் பாடச் சொல்லடா."

நான் சிரித்துவிட்டேன். திரையில் அடுத்த காட்சி தொடங்கிவிட்டது. அவர் அதைப் பார்க்கவில்லை. இருட்டுக்குள் ஆர்மோனியக்காரரைத் தேடுகிறவர்போல அங்குமிங்கும் திரும்பிக்கொண்டிருந்தார். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்தப் பாட்டைத் தானே மெல்லப் பாடிக்கொண்டு வந்தார். படத்தில் வந்த மெட்டில் அல்ல, எங்கள் கோயில் வீதியில் கேட்ட மெட்டில்.