பந்தயத்தை முந்தும் வளர்ப்பு இலாபம்

நெடுந்தீவுக்குச் செல்வோர் அங்கு கட்டாக்காலிகளாகத் திரியும் மட்டக்குதிரைகளைப் பார்க்காது திரும்புவதில்லை. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அத்தீவில் வளர்த்த குதிரைகளின் வழிவந்தவை அவை. குதிரை விலைபோன காலத்தில் அதற்கு இலாயமும் பராமரிப்பும் இருந்தன. இலாபம் அற்றுப்போனதும் எஞ்சியவை இடிபாடுகளே. வரட்சி வந்தால் அக்குதிரைகள் நீரின்றி மடிவதைச் செய்தியாக வாசிக்கின்றோம்.

வளர்ப்பில் இலாபம் இல்லாதொழிந்தால் நேர்வது இது. இலாபம் மிதமிஞ்சினால் நேர்வது என்ன என்பதை அமெரிக்கக் குதிரைப் பந்தயத்தில் காணலாம்.

1973ஆம் ஆண்டு செக்ரட்டேரியற் என்ற குதிரையின் இனவிருத்தி உரிமை 32 பங்குகளாக 60 இலட்சம் டொலருக்கு மேல் விற்கப்பட்டது. மூன்று வயதுக்குப் பின் அது ஓடக்கூடாது என்பது உடன்பாடு. பெரும் பந்தயங்கள் மூன்றையும் அது வெல்வதற்கு முன்னரே ஓய்வு பெறும் நாள் குறிக்கப்பட்டுவிட்டது! 2018இல் அதே மூன்றையும் வென்ற ஜஸ்ற்றிஃபை ஓடியது ஆறே பந்தயங்கள். ஈட்டிய பரிசு ஏறத்தாழ 38 இலட்சம் டொலர். மறு ஆண்டு ஒரு பெட்டைக்கு அறவிடப்பட்ட கட்டணமோ ஒன்றரை இலட்சம் டொலர். இருபத்தாறு பெட்டைகள் ஈன்றாலே பரிசுப் பணம் முழுவதையும் அது விஞ்சிவிடும். இந்தக் கணக்கை அறிந்த உரிமையாளர், கால் முறியும் ஆபத்துள்ள ஓட்டத்துக்கு அதனை மீண்டும் அனுப்புவாரா?

இதற்கு மறுதலையான சான்றும் உண்டு. நலமடிக்கப்பட்ட ஜோன் ஹென்றி என்ற குதிரைக்கு இனவிருத்திப் பெறுமதி கிடையாது. ஆகவே அது 1984இல் ஒன்பது வயது வரை ஓடியது. 83 பந்தயங்களில் 39ஐ வென்றது. இரசிகர்கள் ஒரு குதிரையோடு ஆண்டுக்கணக்காக உறவு கொண்டாட முடிந்தது இவ்வாறான குதிரைகளால்தான்.

வளர்ப்போரின் நோக்கும் திடலிலிருந்து ஏலக்கூடத்துக்கு மாறிவிடுகிறது. 2006இல் 160 இலட்சம் டொலருக்கு ஏலம்போன கிறீன் மங்கி மூன்று முறை ஓடி ஒருமுறைகூட வெல்லவில்லை. விற்றவருக்கு அதனால் நட்டமில்லை.

எம்மவர் பசுக்களுக்குச் செய்விக்கும் செயற்கைமுறைச் சினைப்படுத்தல் இப்பந்தயக் குதிரைகளுக்கு அனுமதிக்கப்படுவதில்லை. அப்படியிருந்தும் புகழ்பெற்ற ஆண்குதிரையிடம் ஒரு பருவத்தில் இருநூறுக்கு மேற்பட்ட பெட்டைகள் கொண்டுவரப்படுகின்றன. இரத்த உறவு நெருங்கி இனம் நலிவடையும் என அஞ்சிய அமெரிக்க ஜொக்கி கிளப், 2020இல் 140 என்ற உச்சவரம்பை விதித்தது. கென்ரக்கியின் மூன்று பெரும் பண்ணைகள் வழக்குத் தொடுத்தன. 2022இல் விதி கைவிடப்பட்டது. வழக்காடிய பண்ணைகளுள் ஒன்றிலேயே ஜஸ்ற்றிஃபை நிறுத்தப்பட்டிருந்தது.