தீப்பொறியின் இரைச்சல்

நுழையும்முன்
ஊர்தியில் வானொலி கேட்கும்போது ‘டிக் டிக்’ என்னும் ஒலி இடையே கேட்பதுண்டு. இயந்திரத்தின் வேகம் கூடினால் அவ்வொலியும் விரைவுபெறும். அது வானொலிப் பெட்டியின் பழுதன்று. இயந்திரத்தினுள் எழும் தீப்பொறியின் விளைவு. அதனை அடக்கும் முறைகளை இப்பாடம் விளக்குகிறது.

காஞ்சிபுரத்துப் பட்டுக்கு அழகு சேர்ப்பது சரிகை. அதன் நடுவே பட்டிழை இருக்கும். தட்டையாக்கிய மெல்லிய வெள்ளிக் கம்பி அதனைச் சுற்றியிருக்கும். மேலே பொன்முலாம் பூசப்பட்டிருக்கும். இழையின்மேல் கம்பி சுற்றும் இத்தகைய அமைப்பைப் பெட்ரோல் ஊர்திகள் சிலவற்றிலும் காணலாம். அங்கு அதன் பணி இரைச்சலை அடக்குவதாகும்.

தீப்பொறியும் அலையும்
செருமானிய அறிவியலாளர் ஹென்ரிக் ஹெர்ட்ஸ் 1887ஆம் ஆண்டு தீப்பொறியைக் கொண்டே மின்காந்த அலைகளை உருவாக்கிக் காட்டினார். 1901இல் மார்க்கோனி அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து செய்தி அனுப்பியதும் தீப்பொறி அலைபரப்பியின் துணையால்தான். பெட்ரோல் இயந்திரத்தில் 12 வோல்ட் மின்னழுத்தம் ஏறத்தாழ 20,000 வோல்ட்டாக உயர்த்தப்பட்டு, ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியில் தீப்பொறியாகப் பாய்கிறது. அப்போது மின்னோட்டம் திடீரென எழுந்து அடங்குவதால் அலைகள் தோன்றுகின்றன. பிளக்குடன் இணைந்த கம்பி, அலைவாங்கியைப் போன்றே அவற்றை வெளியில் பரப்புகிறது.

இவ்விரைச்சல் பாடலைக் கெடுப்பதோடு நிற்பதில்லை. ஆம்புலன்சு, காவல் ஊர்தி ஆகியவற்றின் கம்பியில்லாத் தொடர்பையும் குலைக்கக்கூடும். நிறுத்தக் கருவியையும் காற்றுப்பையையும் மின்னணுச் சுற்றுகளே கட்டுப்படுத்தும் இக்காலத்தில், பிழையான ஒரு சைகை உயிருக்கே ஊறு விளைவிக்கலாம்.

அடக்கும் வழிகள்
முதல் வழி, பிறப்பிடத்திலேயே அடக்குதல். பிளக்கினுள் ஏறத்தாழ 5,000 ஓம் மின்தடை அமைக்கப்படுகிறது. அது மின்னோட்டத்தின் திடீர் எழுச்சியைத் தணிக்கும். எரிபொருளைப் பற்றவைக்கும் ஆற்றலைப் பெரிதும் குறைக்காது. நாரிழையின்மேல் ஃபெரைட் பூசி, நுண்கம்பியைச் சுருளாகச் சுற்றிய பிளக் கம்பியும் இப்பணியையே செய்கிறது. சரிகையை நினைவூட்டும் அமைப்பு இதுவே.

இரண்டாம் வழி, பாதையை மறித்தல். மின்தேக்கி, உயர் அதிர்வெண் கொண்ட மின்னோட்டத்தை ஊர்தியின் உலோக உடலுக்குத் திருப்பிவிடும். கம்பியைச் சூழ்ந்த ஃபெரைட் வளையம் அதன் ஓட்டத்தைத் தடுக்கும்.

மூன்றாம் வழி, பாதிக்கப்படும் கருவியைக் காத்தல். உலோகக் கூட்டினுள் வெளி மின்புலம் நுழையாது என்பதை மைக்கேல் ஃபாரடே 1836இல் மெய்ப்பித்தார். மின்னணுச் சுற்றுகளை உலோகப் பெட்டிக்குள் வைப்பது இவ்வடிப்படையில்தான்.

ஒரகடத்தில் ஆய்வு
காஞ்சிபுரம் மாவட்டம் ஒரகடத்திலுள்ள உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையத்தில் மின்காந்த ஒத்திசைவுக்கான ஆய்வகம் உள்ளது. இத்தகைய ஆய்வகத்தின் அறை வெளி அலைகளை உள்ளே விடாது; உள்ளெழும் அலைகளைச் சுவர்கள் உறிஞ்சிக்கொள்ளும். ஊர்தி வெளிவிடும் அலைகள் அங்கு அளக்கப்படும். பின்னர் வலிய அலைகளை ஊர்தியின்மீது செலுத்தி, அதன் கருவிகள் பிறழாது இயங்குகின்றனவா என்றும் சோதிப்பர். பிறருக்கு இடையூறு செய்யாமையும் பிறர் இடையூற்றைத் தாங்குதலும் ஊர்திக்கு இன்றியமையாத இரு பண்புகளாகும்.

மின் ஊர்தியில் ஸ்பார்க் பிளக் இல்லை. எனினும், மின்னோட்டத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடும் சுற்றுகள் அதில் உள்ளன. அவையும் அலைகளை எழுப்புகின்றன. எனவே தீப்பொறி மறைந்தாலும் இரைச்சலை அடக்கும் பணி தொடர்கிறது.