நம் பிள்ளையின் நிறம் எந்தப் புத்தகத்தில்?

புலிகள் மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி நெய்யாக உருகிவிடும். அந்த நெய்யில் அம்மா அப்பம் சுட, பையன் 169 அப்பங்களைத் தின்று தீர்ப்பான். உலகமெங்கும் குழந்தைகளைச் சிரிக்கவைத்த இந்தக் கதை பிறந்தது நம் மண்ணில்தான். சென்னை மாகாணத்தில் வாழ்ந்த அரசு மருத்துவரின் மனைவி ஹெலன் பேனர்மேன், மகள்களைக் கொடைக்கானலில் விட்டுவிட்டுச் சென்னைக்குத் திரும்பும் ரயிலில் இதை உருவாக்கினார். படங்களையும் அவரே வரைந்தார். 1899இல் லண்டனில் 'லிட்டில் பிளாக் சாம்போ' வெளிவந்தது.

கதை சுவையானதுதான். கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் 'சாம்போ' என்ற பெயரும் படமுமே வினையாயின. பிதுங்கிய கண், தடித்த உதடு, கேலிக்கென்றே வரைந்த முகம். அமெரிக்கப் பதிப்புகள் சில அதை இன்னும் கோரமாக்கின. கறுப்பினக் குழந்தையை இது புண்படுத்தும் என்று கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் 1932இலேயே கண்டித்தார். 1988இல் ஜப்பானியப் பதிப்பகங்கள் புத்தகத்தை வரிசையாக நிறுத்தின. 2005இல் அங்கேயே வேறொரு பதிப்பகம் அதை மறுபடி அச்சிட்டது. இடையில் 1996இல் பிரெட் மார்செலினோ என்ற ஓவியர், பெயர்களை மாற்றி, இந்தியக் குடும்பமாகப் படம் போட்டு 'லிட்டில் பாபாஜி' என்று கொண்டுவந்தார். அதே புலி, அதே நெய். ரசம் துளியும் குறையவில்லை.

பழைய புத்தகத்தை இன்றைய கண்ணால் அளக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆராய்ச்சியாளர் படிக்க நூலகத்தில் இருக்கட்டும்; நாலு வயதுப் பிள்ளையின் மடியில் வேண்டாம்.

என் கவலை வேறு. சாம்போவைக் கண்டித்துவிட்டோம்; நம் வகுப்பறைச் சுவரை யார் பார்ப்பது? 2020 ஜூனில் மேற்கு வங்கத்தின் பர்தமானில், பாலர் வகுப்புப் புத்தகமொன்றில் 'அசிங்கம்' என்ற சொல்லுக்குக் கறுத்த பையனின் படம் போட்டிருந்தது தெரியவந்து பெரும் எதிர்ப்பு கிளம்பியது. அது ஏதோ தூரத்து ஊர்ச் சங்கதி என்று தள்ளிவிட முடியாது. செங்கல்பட்டில் ஸ்டேஷனரி கடைக்குப் போய் 'நமது குடும்பம்' சார்ட்டை விரித்துப் பாருங்கள். தாத்தா முதல் கைக்குழந்தை வரை எல்லோரும் ரோஜா நிறம். மனித முகம் வரையும் பிள்ளை 'ஸ்கின் கலர்' என்று தேடி எடுப்பதும் அதே வெளிறிய கிரேயானைத்தான். அதைப் பிடித்திருக்கும் விரல்களோ உப்புக்காற்றிலும் வெயிலிலும் கறுத்தவை. தன் கையைப் போலொரு கையை அந்தப் பிள்ளை எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. கேலிப் படம் ஒரு அவமானம் என்றால், படமே இல்லாதது அதைவிடப் பெரிய அவமானம்.

இத்தனைக்கும் படத்தில் போட நம்மிடம் ஆள் இல்லையா? மாமல்லபுரம் போகும் சாலையில் வடநெம்மேலியில், 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கிலிருந்தும் அங்கே எடுக்கும் விஷம்தான் விஷமுறிவு மருந்துக்கு மூலப்பொருள். செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் அமெரிக்காவின் ஃபுளோரிடாவரை போய் மலைப்பாம்பு பிடித்துக் கொடுத்தவர்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. இதைவிடப் படக்கதைக்கு என்ன வேண்டும்?

செய்து காட்டியவர்களும் உண்டு. ஜாய் விட்டேகர் எழுதி, ஸ்ரீவித்யா நடராஜன் படம் வரைந்து, சென்னையின் தூலிகா வெளியிட்ட 'காளி அண்ட் தி ராட் ஸ்நேக்' புத்தகத்தின் நாயகன் இருளர் சிறுவன். வகுப்பில் ஒதுக்கப்பட்டவன், சாரைப்பாம்பு நுழைந்த அன்று எல்லோரையும் காப்பாற்றுகிறான். அவனைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. அவனோடு சேர்ந்து நிமிர்கிறார்கள்.

ஒன்றிரண்டு புத்தகம் போதாது. பூஞ்சேரி நரிக்குறவர் பிள்ளைக்கும், கோவளம் மீனவர் வீட்டுப் பிள்ளைக்கும், கல் கொத்தும் சிற்பியின் பிள்ளைக்கும் அவரவர் முகத்தோடு புத்தகம் வேண்டும். பள்ளிக்குப் புத்தகம் வாங்கும் ஆசிரியர்களே, பில் போடுமுன் படங்களைப் புரட்டுங்கள். உங்கள் வகுப்புப் பிள்ளை ஒன்றாவது அதில் இல்லையென்றால் வாங்காதீர்கள்.