நெறி கட்டுவது ஏன்?

காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும். குத்தியது பாதத்தில், வீங்குவது இடுக்கில்! நெறி என்பது நிணநீர்க்கணு. கிருமியை அடையாளம் கண்ட வெள்ளணுக்கள் அங்கேதான் பெருகுகின்றன. வீக்கம் அதனால் வருகிறது. தோலில் நடந்ததை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் செல்களில் ஒன்று லாங்கர்ஹான்ஸ் செல்.

1868இல் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ், தோல் துண்டுக்குத் தங்க குளோரைடால் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தார். கிளை கிளையாகக் கை நீட்டிய கருத்த செல்கள் தெரிந்தன. நரம்பைச் சேர்ந்தவை என்று எழுதிவைத்தார். அவை நோயெதிர்ப்பைச் சேர்ந்தவை என்பது உறுதியாக நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. (கணையத்தில் இன்சுலின் சுரக்கும் திட்டுகளுக்கும் இவர் பெயர்தான். அவற்றை அடுத்த ஆண்டே விவரித்துவிட்டார்.)

மேல்தோல் செல்களில் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு வரை இந்த வகை. தோலின் செல்கள் இடுக்கு விடாமல் ஒட்டியிருக்கின்றன; அந்த ஒட்டு விட்டால் கிருமி நுழையும், நீர் கசியும். கொசுவலைக்கு வெளியே நாம் கை நீட்டினால் கொசு உள்ளே வந்துவிடும். இந்தச் செல்லோ, இரு செல்களுக்கு நடுவே கையை நுழைக்கும்போதே அவை இரண்டோடும் புதிதாக ஒட்டிக்கொள்கிறது. வெளியே உள்ளதைத் தொட்டு எடுத்துக்கொள்ளும், கசிவு இல்லை. பிறகு நிணநீர்க் குழாய் வழியாக நெறிக்குப் போய், எடுத்ததை டி செல்கள் என்னும் வெள்ளணுக்களிடம் காட்டும்.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அதன் நிதானம். தோலில் எப்போதும் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. கண்டதற்கெல்லாம் எதிர்ப்பைக் கிளப்பினால் தோல் சிவந்து புண்ணாகிவிடும். அதனால் சாதாரண நாட்களில் இது எதிர்ப்பை அடக்கிவைக்கும் டி செல்களையே ஊக்குவிக்கிறது.

நோயெதிர்ப்பைப் போர், படை என்றே பேசிப் பழகிவிட்டோம். பராமரிப்பும் நோயெதிர்ப்புச் செல்களின் வேலைதான். காயத்தில் செத்த செல்களை விழுங்கி அகற்றுவதும், புதுச் செல் வளரத் தூண்டுவதும் மேக்ரோஃபேஜ் என்னும் நோயெதிர்ப்புச் செல்கள். குடலின் ஒரே அடுக்குச் செல்லாலான உள்படலம் மூன்று முதல் ஐந்து நாளுக்குள் புதுப்பிக்கப்படுகிறது. அது பழுதானால், அங்குள்ள நோயெதிர்ப்புச் செல்கள் சுரக்கும் இன்டர்லூக்கின்-22 என்ற புரதம் சீரமைப்புக்கு உதவுகிறது.

அரசு மருத்துவமனைகளில் நாய்க்கடிக்குத் தோலுக்குள் போடும் ஊசி ஓர் இடத்துக்கு 0.1 மில்லிதான். இவ்வளவுதானா என்று சந்தேகப்பட வேண்டாம். கண்டதை எடுத்து நெறிக்குக் கொண்டுபோகும் இத்தகைய செல்கள் தோலில் நிறைந்திருப்பதால் அதுவே போதும். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். ஒரு தவணையையும் விடாதீர்கள்.