கைக்கடிகாரமும் அந்தரங்கமும்

பண்டைத் தமிழ்வேந்தர் பாசறையில் நாழிகைக் கணக்கர் இருந்தனர் என்பது முல்லைப்பாட்டுப் பயின்றார் யாவரும் அறிந்ததே. நீர்க்கடிகையைக் கொண்டு பொழுதை அளந்து அரசனுக்கு அறிவித்தல் அவர் தொழில். அரசன் எப்பொழுது உறங்கினான், எங்குச் சென்றான் என்பனவற்றை வெளியார்க்கு உரைத்தல் அவர் தொழிலன்று. இந்நாளில் ஸ்மார்ட் வாட்ச் என்ற பெயரால் நம் கையில் ஏறியிருக்கும் கடிகாரமோ இவ்விரண்டையும் செய்ய வல்லது.

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையிலும் குரோம்பேட்டையிலும் உள்ள கடைகளில் 1,500, 2,000 ரூபாய்க்கு இக்கடிகாரங்கள் கிடைக்கின்றன. விடுதிக் கட்டணத்துக்கே வீட்டாரை எதிர்நோக்கும் நம்மனோர்க்கு அதற்கு மேற்பட்ட விலை எட்டாது. வாங்கச் செல்வோர் முகப்பின் அழகையும், ஒருமுறை சார்ஜ் செய்தால் எத்தனை நாள் ஓடும் என்பதையும் வினவுகின்றனரேயன்றி, இது தான் அறிந்ததை யாரிடம் போய்ச் சொல்லும் என்று வினவுவாரைக் காண்டல் அரிது. அவ்வினாவை எங்ஙனம் வினவுவது என்பதையே ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

முதற்கண் இக்கருவி இயங்குமாற்றை அறிதல் வேண்டும். கடிகாரத்தின் அடிப்புறத்தில் பச்சை ஒளி மினுக்குவதைப் பலரும் கண்டிருப்பர். குருதி அவ்வொளியைக் கவரும் இயல்புடையது. ஒவ்வொரு துடிப்பிலும் தோலின்கீழ்க் குருதி மிகுந்து குறைதலால், திரும்பி வரும் ஒளியும் குறைந்து மிகும். அந்த ஏற்றத்தாழ்வை எண்ணியே நாடித்துடிப்பு கணிக்கப்படுகின்றது. அசைவை உணரும் மற்றொரு சிறு கருவி நாம் நடந்த அடிகளை எண்ணுகின்றது. மலிவான கடிகாரங்களிற் பெரும்பாலானவை தாமே இணையத்தை அடையமாட்டா. புளூடூத் வழியாகச் சில கஜ தூரத்திலுள்ள கைப்பேசிக்கே தாம் எண்ணியதை அனுப்பும். அங்குள்ள செயலிதான் அதனை வாங்கித் தன் நிறுவனத்தின் சர்வருக்கு, அஃது எந்நாட்டில் இருப்பினும், கொண்டு சேர்க்கின்றது. ஆதலின் நல்ல கடிகாரத்தைத் தெரிதல் என்பது பெரும்பாலும் நல்ல செயலியைத் தெரிதலேயாம். கடைக்காரர் காட்டுவது கடிகாரத்தை; செயலியை ஒருவரும் காட்டுவதில்லை.

அச்செயலி நிறுவப்பட்டவுடன் பல அனுமதிகளைக் கேட்கும். அவை எல்லாவற்றையும் ஐயுற வேண்டுவதில்லை. இருப்பிடத்தை அறியும் அனுமதியை எடுத்துக்கொள்வோம். ஆண்டிராய்டு 6 முதல் 11 வரையுள்ள கைப்பேசிகளில், அருகிலுள்ள புளூடூத் கருவியைத் தேடுவதற்கே அவ்வனுமதி இன்றியமையாததாயிருந்தது. 2021இல் வந்த ஆண்டிராய்டு 12 அதற்கெனத் தனி அனுமதியை வகுத்துவிட்டது. ஆகவே பழைய கைப்பேசியில் கேட்பது கருவியின் தேவை. புதியதிலும் கேட்பின், நாம் ஓடிய வழியைப் படமாக வரைய விரும்பினாலன்றி, மறுத்துவிடலாம்.

இதனினும் பெரிது அறிவிப்புகளைப் படிக்கும் அனுமதி. கைப்பேசிக்கு வரும் செய்தியைக் கையிலேயே காணலாம் என்னும் வசதிக்காகப் பலரும் இதனைச் சிந்தியாது அளித்துவிடுகின்றனர். அளித்தபின், தாய் அனுப்பிய செய்தியும் வங்கி அனுப்பிய ஓடிபி எண்ணும் அச்செயலியின் கைவழியாகவே கடிகாரத்தை அடையும். பேசும் வசதியுள்ள கடிகாரமாயின் தொடர்பு எண்களின் பட்டியலையும் கேட்கும். நண்பர் எண்ணைப் பிறர்க்குக் கொடுக்க நண்பர் நமக்கு உரிமை தந்தாரோ என்பது தனி வழக்கு. நாடித்துடிப்பு வெளியே போவதினும் இவை வெளியே போதலே கேடு மிக்கது என்பது நம் கருத்து.

இருப்பிடம் தெரிவதால் வரும் தீங்கு யாது எனச் சிலர் கேட்பர். ஸ்டிராவா என்னும் நிறுவனம் தன் செயலியைப் பயன்படுத்துவோர் ஓடிய வழிகளையெல்லாம் பெயர் நீக்கித் திரட்டி, 2017 நவம்பரில் உலகப் படமாக வெளியிட்டது. 2018 ஜனவரியில் ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் அப்படத்தை நோக்கி, ஆப்கானிஸ்தான், சிரியா முதலிய நாடுகளில் இருளிடையே ஒளிர்ந்த கோடுகள் படைமுகாம்களில் வீரர் ஓடிய வழிகளே எனக் கண்டு கூறினார். பெயரை மறைத்தும் இடம் காட்டிக் கொடுத்துவிட்டது. விமானப்படை நிலையத்தைத் தன்னகத்தே கொண்ட தாம்பரத்தில் வாழ்வோர்க்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. படைவீரர் நிற்க, விடியற்காலையில் நாள்தோறும் ஒரே வழியில் தனியே ஓடும் மாணவி ஒருத்தியின் வழி அயலார்க்குத் தெரிதல் நன்றோ? 2020இல் சண்டிகரில் தூய்மைப் பணியாளர்க்கு இருப்பிடம் காட்டும் கடிகாரங்கள் அணிவிக்கப்பட்டபோது அவர்கள் அதனை எதிர்த்துப் போராடினர். வேண்டாமென்று கழற்றி வைக்கும் உரிமை நமக்கு உண்டு, அவர்க்கு அன்று இல்லாதிருந்தது.

சட்டம் நமக்குத் துணை நிற்கத் தொடங்கியுள்ளது. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்சநீதிமன்ற நீதிபதிகள் ஒன்பதின்மர், புட்டசாமி வழக்கில், 2017 ஆகஸ்டு 24ஆம் நாள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023இல் இயற்றப்பெற்ற தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தரவு எதற்காகக் கேட்கப்படுகின்றது என்னும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாம் அட்டவணை மொழிகளுள் ஒன்றிலோ நாம் படிக்க வழிசெய்தல் வேண்டும் என்கின்றது. தமிழ் பயில்வார்க்கு இஃது இனிய செய்தியன்றோ? எனினும் அதன் விதிகள் 2025 நவம்பரிலேயே வெளிவந்தன. நிறுவனங்களின் முதன்மைக் கடமைகளுக்கு அதன்மேலும் 18 மாதத் தவணை அளிக்கப்பட்டது.

நிற்க. வாங்குமுன், கடற்கரையிலிருந்து வரும் மின்ரயிலில் அமர்ந்தபடியே அக்கடிகாரத்துக்குரிய செயலியைப் பிளே ஸ்டோரில் தேடி, அது திரட்டும் தரவுகளின் பட்டியலைப் படித்துவிடலாம். அப்பட்டியல் நிறுவனம் தானே தந்த வாக்குமூலம் என்பதை மட்டும் மறத்தலாகாது. கணக்குத் திறவாமலே இயங்குமாயின் நன்று. ஆண்டிராய்டு கைப்பேசியுடையார்க்கு வேறொரு வழியும் உண்டு. கேட்ஜெட்பிரிட்ஜ் என்னும் இலவசச் செயலி, இணையத்தை அடையும் அனுமதியையே தான் பெறாது, கடிகாரம் சொல்வதைக் கைப்பேசியிலேயே இருத்திவைக்கின்றது. மலிவாக விற்பன யாவும் அதனோடு இணங்கா. சிலவற்றுக்கு முதலில் நிறுவனத்தின் செயலியில் ஒருமுறை புகுந்து திறவுகோல் எண்ணைப் பெறவேண்டும். ஆதலின் அதன் பட்டியலைப் பார்த்தபின்னரே பணத்தை எடுத்தல் வேண்டும். பைன்டைம் என்னும் கடிகாரமும் அதனோடு இணங்குவது. ஏறத்தாழ 27 டாலர் விலையுள்ளது. அதன் மென்பொருளின் மூலநிரலை யாவரும் படிக்கலாம். அயல்நாட்டிலிருந்து வருவிக்கும் செலவும் சுங்கமும் சேர்ந்தால் நம் கையளவை மிஞ்சக்கூடும். பழுதுபார்ப்பாரும் இங்கு அரியர். அடிகளை எண்ணும் ஆசை இல்லாதார் ஓசூரில் ஆகும் டைட்டன் போன்ற சாதாரணக் கடிகாரத்தை அணிந்து அமைதியாக இருக்கலாம். தேர்வு மண்டபத்தில் ஸ்மார்ட் வாட்சுக்கு எவ்வாறும் இடமில்லை.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழையதை விற்கவோ வாங்கவோ எண்ணுவார்க்கு ஒரு சொல். கடிகாரத்தைத் தொடக்க நிலைக்கு மீட்டால் கடிகாரத்தில் உள்ளதே அழியும்; சர்வரில் உள்ளது அழியாது. விற்பவர் செயலியினுள் சென்று கணக்கையே நீக்கிய பின்னரே கைமாற்றல் வேண்டும்.